கனி விளைந்தும் கை நிறையாதது ஏன்?

பெங்களூரிலிருந்து சித்தூர் வழியாகச் சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்த நம் குடும்பங்களுக்குப் பங்காருபாளையம் பழகிய ஊராக இருக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் அவ்வழியே செல்வோரை முதலில் எட்டுவது மாம்பழ மணமே. சாலையின் இருபுறமும் தோப்புகளும், பழமண்டிகளும், மாங்கூழ் ஆலைகளும் நிறைந்த பகுதி அது.

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்த வட்டாரத்துச் சாலைகளில் வேறொரு காட்சியும் இருந்தது. நாம் கிளிமூக்கு மாம்பழம் என்று அழைக்கும் தோத்தாபுரிப் பழங்களை ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாசல்களில் நீண்ட வரிசையாக நின்றன. பழத்தை இறக்க நாட்கணக்கில் காத்திருந்த விவசாயிகள் வண்டியிலேயே உறங்கினர். வெயிலில் பழம் கனிந்தது, கனிந்தது அழுகியது. கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கும் என்றும், அதில் 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயைத் தானும் தரும் என்றும் ஆந்திர அரசு அறிவித்திருந்தது. அந்த எட்டு ரூபாயைத் தரவும் பல ஆலைகள் தயங்கின. முந்தைய ஆண்டின் கூழே விற்காமல் கிடங்கில் கிடக்கிறது என்று அவை காரணம் கூறின. எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்திலும் விவசாயிகள் விலை கேட்டுக் கடையடைப்பு நடத்தினர். மத்திய அரசு தலையிட்டு, விலைக்குறைவை ஈடுசெய்யும் உதவியை இரு மாநிலங்களுக்கும் அறிவிக்க நேர்ந்தது.

இச்செய்தியைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். "பழமாக விற்காதே, பதப்படுத்தி விற்றால் வருமானம் பெருகும்" என்று விவசாயிக்கு அறிவுரை கூறாதவர் இல்லை. ஆனால் மாங்கூழ் ஆலைகள் நாட்டிலேயே மிக நெருக்கமாக அமைந்துள்ள பகுதிகளில் ஒன்று சித்தூர். எல்லைக்கு இப்பால் நம் கிருஷ்ணகிரியும் அப்படியே. பதப்படுத்தும் வசதி வீட்டு வாசலிலேயே இருந்தும் விவசாயியின் கை நிறையவில்லை. அப்படியானால் அந்த அறிவுரை தவறா? தவறன்று, அது பாதி உண்மை. மீதிப் பாதியைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காத்திருக்கக் கூடியவனே விலை சொல்கிறான்

பதப்படுத்துதல் என்பது பழத்தின் ஆயுளை நீட்டும் செயல். பறித்த மாம்பழம் சாதாரண வெப்பத்தில் ஒரு வாரம் தாங்கினால் பெரிது. அதே பழம் கூழாக்கப்பட்டு, கிருமி நீக்கப்பட்ட உறையில் அடைக்கப்பட்டால், குளிர்பதனம் இன்றியே ஓராண்டுக்கு மேல் கெடாமல் இருக்கும். இந்த வேறுபாட்டில்தான் விலையின் இரகசியம் அடங்கியிருக்கிறது. ஆலை காத்திருக்கலாம், விவசாயியால் காத்திருக்க இயலாது. ஒருவன் காத்திருக்கக் கூடியவனாகவும் மற்றவன் காத்திருக்க இயலாதவனாகவும் உள்ள சந்தையில் விலையை யார் தீர்மானிப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தோத்தாபுரிக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. சதை மிகுந்த பழமாயினும் வீட்டு மேசையில் அல்போன்சாவுக்கோ பங்கனப்பள்ளிக்கோ உள்ள வரவேற்பு அதற்கு இல்லை. விளைச்சலின் பெரும்பகுதியை ஆலைகளே வாங்கியாக வேண்டும். வாங்குபவர் ஒரே வகையினர். விற்பவர் பல்லாயிரம் பேர். அறுவடையோ சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். எனவே, "பதப்படுத்தினால் வருமானம் பெருகும்" என்னும் வாக்கியத்தோடு ஒரு கேள்வியைச் சேர்த்தே கேட்க வேண்டும்: பெருகும் வருமானம் யாருடையது?

ஆனந்த் கற்பித்த பாடம்

இக்கேள்விக்கு நம் நாட்டில் ஒரு முறை விடை காணப்பட்டிருக்கிறது. அது பழத்தில் அன்று, பாலில். குஜராத்தின் கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள் ஒரே தனியார் நிறுவனத்தை நம்பியிருந்தனர். அது தந்த விலையில் மனம் நொந்து, 1946-இல் தங்களுக்கென்று கூட்டுறவு ஒன்றை அமைத்தனர். அதுவே பின்னர் அமுல் என்று பெயர் பெற்றது. குளிர்காலத்தில் எருமைப்பால் பெருகிவிடும். பம்பாய்ச் சந்தையோ அதை முழுவதும் ஏற்றுக்கொள்ளாது. அந்த உபரிப் பாலை வெண்ணெயாகவும் பால்பவுடராகவும் மாற்றும் ஆலை 1955-இல் ஆனந்தில் இயங்கத் தொடங்கியது. மிஞ்சிய பாலைச் சேமித்து வைக்கும் வல்லமை அதனால் உற்பத்தியாளரின் சொந்தக் கைக்கே வந்தது.

ஆனால் பாலுக்கும் பழத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறக்கலாகாது. பசு நாள்தோறும் கறக்கும். மாமரம் ஆண்டுக்கொரு முறை காய்க்கும். மாம்பழத்தை மட்டும் நம்பி எழுப்பிய ஆலை ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். வட்டியோ பூட்டிய ஆலைக்கும் ஓடும். ஆகவே, விவசாயிகள் கூடி ஆலை அமைக்க முனைந்தால் மாம்பழத்தை அடுத்துக் கொய்யா, பப்பாளி, தக்காளி என்று இயந்திரத்துக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும்படி திட்டமிட வேண்டும். இதைக் கணக்கிடாமல் கடன் வாங்கிப் பெரிய இயந்திரம் நிறுவுவது, பழைய நட்டத்தின் மேல் புதிய நட்டத்தை ஏற்றுவதாகும்.

கொங்கணத்து முற்றங்கள்

மும்பையில் வாழும் வாசகர்கள் கொங்கணப் பகுதியை அறிவார்கள். இரத்னகிரி, சிந்துதுர்க் மாவட்டங்களில் பெரிய ஆலை எதுவும் இல்லாமலேயே பழத்தைப் பாதுகாக்கும் கலை வீடுகளில் தலைமுறைகளாக நடந்துவருகிறது. அதற்குச் சிறந்த உதாரணம் கோகம்.

கோகம் கோடையின் இறுதியில், மழைக்குச் சற்று முன்பு பழுக்கும். மழை பிடித்துவிட்டால் உலர்த்த வெயில் கிடையாது. எனவே அந்தச் சில வாரங்கள் குடும்பம் முழுவதற்கும் ஓயாத வேலை. பழத்தை இரண்டாகப் பிளந்து, தோலைத் தனியே எடுத்து, உப்புக் கலந்த அதன் சாற்றில் ஊறவைத்து உலர்த்துவார்கள். மறுபடி ஊறவைத்து மறுபடி உலர்த்துவார்கள். இப்படிப் பலமுறை செய்தபின் கருஞ்சிவப்பு நிறத்தில் கிடைப்பதே ஆம்சூல். நாம் புளியைப் பயன்படுத்துவதுபோல் அவர்கள் குழம்புக்கு அதைச் சேர்ப்பார்கள். உப்பிட்ட சாறு 'ஆகள்' என்ற பெயரில் விற்பனையாகும். தேங்காய்ப்பாலோடு சேர்ந்து சோல்கடி ஆவது அதுவே. தோலுக்குள் சர்க்கரையை நிரப்பி வெயிலில் வைத்தால் வடிந்து வரும் பாகு, கோடைக்கு ஏற்ற கோகம் சர்பத். விதையிலிருந்து எடுக்கும் கொழுப்பு அழகுப் பொருள்களுக்குப் பயன்படுகிறது. தோல், சாறு, விதை ஆகிய மூன்றுக்கும் விலை உண்டு. 2016-இல் இவ்விரு மாவட்டங்களின் கோகத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

அப்பகுதியின் அல்போன்சாவுக்கும் அக்குறியீடு 2018-இல் கிடைத்தது. நல்ல பழம் பெட்டியில் அடுக்கப்பட்டு வாஷிச் சந்தைக்குச் செல்கிறது. புள்ளி விழுந்ததும் சிறுத்ததும், பருவ இறுதியில் விலை சரியும்போது எஞ்சியதும் மலிவான விலைக்கு ஆலைக்குச் செல்கின்றன. அல்லது வீட்டிலேயே 'ஆம்பா போளி' ஆகின்றன. கூழைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, காய்ந்தபின் அதன்மேல் அடுத்த படலத்தைப் பரப்பிச் செய்வது அது. ஆந்திரத்தின் கோதாவரிப் பகுதியில் இதுவே 'மாமிடி தாண்ட்ரா'. பெயர் வேறாயினும் அறிவு ஒன்றே. இங்கே பதப்படுத்துபவரும் விளைவித்தவரும் ஒருவரே என்பதைக் கவனியுங்கள். அளவு சிறியது, ஆயினும் இலாபம் முற்றத்தைத் தாண்டி வெளியே போவதில்லை.

இன்னும் தொடப்படாத செல்வமும் அதே மண்ணில் உண்டு. முந்திரிக் கொட்டையைவிட எட்டு முதல் பத்து மடங்கு எடையுள்ளது முந்திரிப் பழம். ஆரஞ்சைவிடப் பன்மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது. ஆயினும் கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தை மரத்தடியிலேயே எறிந்துவிடுகிறார்கள். கோவாவில் அது பெரும்பாலும் மதுவாகிறது. தொண்டையைப் பிடிக்கும் அதன் துவர்ப்பே தடை. ஜவ்வரிசிக் கஞ்சியைச் சேர்த்துத் துவர்ப்பைப் படியவைத்து, தெளிந்த சாற்றைப் பாகாக்கும் எளிய முறையை ஆராய்ச்சி நிலையங்கள் கண்டறிந்து கற்பித்துவருகின்றன. பறித்த அன்றே பிழிய வேண்டும் என்பது ஒன்றே இதற்குக் கடுமையான நிபந்தனை.

இரண்டாவது வாசல்

எல்லாரும் தாங்களே பதப்படுத்த வேண்டும் என்பதில்லை. பழத்தை விற்க இரண்டாவது வாசல் ஒன்று திறந்திருந்தாலே முதல் வாசலில் விலை உறுதிப்படும். இமாசலப் பிரதேசத்தில் 1974-இல் அரசு நிறுவிய தோட்டக்கலை விற்பனை மற்றும் பதப்படுத்தும் கழகம், கடைக்கு ஏற்காத மூன்றாந்தர ஆப்பிளை அறிவிக்கப்பட்ட விலைக்கு வாங்கி, பர்வானு முதலிய இடங்களில் அடர்சாறாக மாற்றுகிறது. 2023-இல் அவ்விலை கிலோவுக்கு 12 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெரிய தொகையன்று. ஆனால் வடுப்பட்ட பழம் மண்டியில் குவிந்து நல்ல பழத்தின் விலையையும் கெடுக்காமல் அது தடுக்கிறது.

மகாபலேஸ்வர், பாஞ்சகனிப் பகுதியின் ஸ்ட்ராபெர்ரி இரண்டு நாள் தாங்குவதே அரிது. அங்கு 1959-இல் பாஞ்சகனியில் தொடங்கிய மாப்ரோ முதலிய நிறுவனங்கள் பழத்தை ஜாமாகவும் பாகாகவும் மாற்றுகின்றன. சுற்றுலா வருவோர் தோட்டத்துக்கே வந்து பழமாகவும் வாங்குகிறார்கள். பெரிய பழம் நகரத்துக்கு, சிறிய பழம் ஆலைக்கு என்று பிரித்து விற்க அங்கே இடமிருக்கிறது. 2025-இல் சித்தூர் விவசாயிக்கு இல்லாமல் போனது இந்த இரண்டாவது வாசலே.

ஜாடிக்குள் இருக்கும் கணக்கு

எந்தப் பொருளைச் செய்வது என்று முடிவெடுக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூறு கிலோ மாம்பழத்திலிருந்து தோலும் கொட்டையும் போக ஏறத்தாழ 50 கிலோ கூழ் கிடைக்கும் என்று கொள்வோம். நம் நாட்டு விதிகளின்படி, அருந்தத் தயாரான பழபானத்தில் குறைந்தது 10 சதவீதமும், ஸ்குவாஷில் 25 சதவீதமும், ஜாமில் 45 சதவீதமும் பழப்பகுதி இருக்க வேண்டும்.

அந்த 50 கிலோ கூழிலிருந்து, விதி அனுமதிக்கும் குறைந்த அளவுப்படி 500 கிலோ பானம் செய்யலாம். பழத்தின் விலை கிலோ 8 ரூபாய் என்றால் நூறு கிலோவுக்கு 800 ரூபாய். அதாவது, ஒரு கிலோ பானத்தில் அடங்கியுள்ள பழத்துக்காக விவசாயி பெறுவது ஒரு ரூபாய் 60 காசு! பழத்தை இருமடங்கு சேர்க்கும் நிறுவனமானாலும் 3 ரூபாய் 20 காசுதான். மீதி விலை சர்க்கரைக்கும், புட்டிக்கும், போக்குவரத்துக்கும், விளம்பரத்துக்கும், வரிக்கும், கடைக்காரருக்கும் போகிறது. இதில் எவரும் திருடவில்லை. அந்தப் பொருளின் இயல்பே அப்படி.

இக்கணக்கு கற்பிக்கும் பாடம் தெளிவானது. தண்ணீர் மிகுந்த பொருளில் பெரிய நிறுவனத்தோடு சிறு விவசாயி போட்டியிட முடியாது. பழம் மிகுந்த பொருளில் அவர் நிற்க முடியும். சர்க்கரை சேர்க்காமல் ஒரு கிலோ மாம்பழப் போளி செய்ய நான்கைந்து கிலோ கூழ் வேண்டும். உலர்ந்த பலாச்சுளை, கோகம், ஊறுகாய், உலர்ந்த மாங்காய்த் துண்டு ஆகியவையும் அத்தகையவையே. எடை குறைவு; உடையும் கண்ணாடி வேண்டியதில்லை; இரயிலில் ஒரு பையிலேயே கொண்டுவரலாம். ஜாம், பழச்சாறு முதலியவற்றின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது நற்செய்தியே. ஆனால் வரி குறைந்ததால் மட்டும் விவசாயியின் பங்கு தானாக உயர்ந்துவிடாது.

தொடங்குவோர் அறிய வேண்டியவை

ஊரில் நிலத்தைச் சகோதரரிடம் விட்டுவிட்டு நகரத்துக்கு வந்தவர்கள் நம் வாசகர்களில் பலர். அவர்கள் வழியாக ஊருக்குச் சென்று சேர வேண்டும் என்று சில காரியங்களைக் கூறுகிறோம்.

முதலாவது, பாதுகாப்பு. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் கொடிய நச்சுக் கிருமிகள் அடைத்த புட்டிக்குள் வளர்வதில்லை. மாம்பழம் பெரும்பாலும் இவ்வரம்புக்குள் இருக்கும். பலா, பப்பாளி, வாழை ஆகியவற்றின் கூழ் பலவேளைகளில் வரம்பைத் தாண்டிவிடும். சிட்ரிக் அமிலம் சேர்க்காமல் அவற்றைப் புட்டியில் அடைப்பது ஆபத்து. ஜாமைக் காப்பது சர்க்கரை; அதன் திடப்பொருள் 65 சதவீதத்தை எட்டும்வரை காய்ச்ச வேண்டும். நாவின் ருசியை மட்டும் நம்பாமல், அளக்கும் கருவியை வாங்கிப் பயன்படுத்துவது அவசியம்.

இரண்டாவது, பயிற்சி. 1950-இல் மைசூரில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், பல மாவட்டங்களிலுள்ள வேளாண் அறிவியல் நிலையங்களும் குறுகிய காலப் பயிற்சிகளை அளிக்கின்றன. இயந்திரம் வாங்குமுன் பயிற்சி பெறுவதே முறை.

மூன்றாவது, சட்டம். வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். சேர்க்கப்பட்ட பொருள்கள், நிகர எடை, தயாரித்த நாள், உகந்த காலம், பதிவு எண் ஆகியவை உறையில் இருக்க வேண்டும். இவை இல்லாத புட்டியை நல்ல கடைக்காரர் அலமாரியில் வைக்கமாட்டார்.

நான்காவது, கூட்டு முயற்சி. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் புட்டியும் சர்க்கரையும் மொத்த விலைக்குக் கிடைக்கும். 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த குறு உணவு நிறுவனத் திட்டம், இயந்திரச் செலவில் 35 சதவீதத்தை, 10 இலட்ச ரூபாய் வரம்புக்குட்பட்டு, கடனோடு இணைந்த மானியமாக வழங்கியது. சுயஉதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதிக்கும் வழிசெய்தது. இத்தகைய திட்டங்களின் காலவரம்பு மாறக்கூடியது. எனவே அவ்வப்போது நடைமுறையில் உள்ளதை மாவட்ட அலுவலகத்தில் நேரில் விசாரித்து அறிய வேண்டும். மானியம் வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கும் தரகரை நம்பலாகாது.

ஐந்தாவது, அளவு. முதல் ஆண்டு ஐம்பது கிலோ பழத்தோடு தொடங்கட்டும். எஞ்சிய விளைச்சல் வழக்கம்போல் மண்டிக்கே போகட்டும். ஐம்பது கிலோவில் செய்த பிழை பாடமாகும். ஐந்து டன்னில் செய்த பிழை கடனாகும்.

நகரத்தில் வாழும் நம் பங்கு

இவை யாவும் இருந்தும் பல முயற்சிகள் இரண்டாம் ஆண்டிலேயே நின்றுபோவதற்குக் காரணம் ஒன்று உண்டு: செய்த பொருளை வாங்குவார் இல்லை. கிராமத்தில் செய்யத் தெரியும், விற்கத் தெரியாது. நகரத்தில் வாங்க மனமுண்டு. யாரிடம் வாங்குவது என்று தெரியாது. இவ்விரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்கக்கூடியவர்கள், கிராமத்தில் பிறந்து நகரத்தில் வாழும் நாமே.

நம் குடியிருப்பிலும் சபைக் குடும்பங்களிலும் இருபது வீடுகள் சேர்ந்து, பருவம் தொடங்குமுன் தங்கள் தேவையைக் கூறி, விலையில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தால், விவசாயி அந்த ஆண்டு புட்டி வாங்கக் கடன் வாங்க வேண்டியதில்லை. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் உறைக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுத்தமைத்துக் கொடுக்கலாம். பதிவு விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம். வரவு செலவுக் கணக்கை ஒழுங்குபடுத்தலாம். ஊருக்கு நாம் அனுப்பும் பணத்தைவிட இவ்வுதவி சிலவேளைகளில் அதிகப் பலன் தரும்.

ஆனால் ஒன்று. இரக்கத்துக்காக வாங்கும் பொருளை மக்கள் ஒரு முறைதான் வாங்குவார்கள். ஜாமில் நுரை வந்தாலோ, போளியில் மணல் இருந்தாலோ, அதை அன்போடும் உண்மையோடும் செய்தவரிடமே சொல்லிவிடுங்கள். முகத்துக்காகப் புகழ்ந்துவிட்டு மறுமுறை வாங்காமல் விடுவது உதவியன்று. அதுபோலவே, பெரிய கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு, விவசாயியிடம் மட்டும் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதும் நியாயமன்று.

அடுத்த பருவத்திலும் மரங்கள் காய்க்கும். ஆலை வாசலில் வண்டியோடு காத்திருந்தவர் கேட்பது தம் பிரயாசத்தின் பலனில் உரிய பங்கையே. கனியைப் பாதுகாக்கும் அறிவும், அதை வாங்கும் உண்மையான கைகளும் அவருக்கு வாய்த்தால், அவராலும் காத்திருக்க முடியும். காத்திருக்க முடிந்த அன்று, தம் பழத்துக்கு அவரே விலை சொல்வார். இவ்வாண்டு விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தோப்பை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். மரத்தடியில் வீணாகக் கிடப்பது என்ன என்று கேளுங்கள். உங்கள் குடும்பத்தின் முயற்சி அங்கிருந்தே தொடங்கலாம்.